எச்சில் என்று சொன்னேன்

என் மனைவி விரும்பிச் சாப்பிட்ட கடைசி உணவை அவளிடமிருந்து பறித்தவன் நான். நோய் பறிக்கவில்லை. மருத்துவர் தடுக்கவில்லை. நான் ஒரு பொய் சொன்னேன். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

காரணம் பொறாமை. எழுபது வயது கடந்த ஒருவனுக்கு, நோயாளி மனைவியின் தட்டில் கிடந்த கத்தரிக்காய்த் துண்டுகளின் மேல் பொறாமை! நீங்கள் சிரித்தால் நான் வருத்தப்பட மாட்டேன். அக்கறை, பயம், சுத்தம் என்று வேறு பெயர்களையெல்லாம் அதற்கு வைத்துப் பார்த்தவன்தான் நான். எதுவும் நிற்கவில்லை.

என்னை நீங்கள் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பார்த்திருக்கக்கூடும். மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்தவர்கள் இன்றைக்கும் வண்டியை நிறுத்தி, இறங்கி, வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். “பொண்டாட்டிய பெத்த தாய் மாதிரி பாத்துக்கினவரு” என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்கும்போது எனக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மரகதமும் ஆசிரியைதான். திருமணத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் அவளுக்குக் கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் வேலை. அப்போது மலைக்குப் பேருந்தை நம்பிப் போக முடியாது. வாரம் முழுக்க அங்கேயே ஓர் அறையில் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை இறங்கி வருவாள். வந்ததும் அழுக்குத் துணியைத் துவைப்பாள், மாவரைப்பாள், ஞாயிறு மதியம் மறுபடி மூட்டை கட்டுவாள். மலையில் அவள் என்ன சாப்பிட்டாள், யாரோடு பேசினாள், எதற்குச் சிரித்தாள்… எனக்குத் தெரியாது. தெரியாதது அப்போது எனக்கு ஒரு குறையாகவும் படவில்லை.

நோய் வந்தது. பெரிய ஊர் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மருந்து ஏற்ற ஏற்ற முடி போயிற்று, எடை போயிற்று. கடைசியில் ருசியும் போயிற்று. வாய் முழுக்கப் புண். “தகரத்த நக்குற மாதிரி இருக்குதுங்க” என்பாள், எதை வாயில் வைத்தாலும்.

நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். பெங்களூரில் இருக்கும் மகள் கைப்பேசியில் சொல்லச் சொல்ல, பாசிப்பருப்புக் கஞ்சி, பால் சோறு, மிளகு போடாத ரசம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வியந்தார்கள். வாழ்நாள் முழுக்க ஒரு தம்ளரைக் கூடக் கழுவாதவன், மனைவிக்காக அடுப்படியில் நிற்கிறேன்! எனக்கே என்னைப் பிடித்திருந்தது. அவள் இரண்டு வாய் விழுங்கிவிட்டு, “போதுங்க, நல்லா இருக்கு” என்று வைத்துவிடுவாள். மீதியை நான் வருத்தத்தோடு கொட்டுவேன். அந்த வருத்தத்தில் கூட ஒரு சுகம் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்கிற சுகம்…

அப்போதுதான் சடையன் வந்தான்.

ஒரு புதன்கிழமை. வெளிக் கதவைத் திறக்கும் முன்பே அவன் குரல் கூடத்துக்கு வந்துவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பூப்போட்ட சட்டை, சாயம் பூசிய தலைமுடி, தோளில் ஒரு சாக்குப்பை.

“டீச்சரம்மா! யாரு வந்துகிறேன் பாருங்க!”

மரகதம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “சடையனா? மூக்க ஒழுக்கிகினு கடைசி வரிசையில குந்துவியே… அந்தச் சடையனா?”

“அதே மூக்குதான் டீச்சரம்மா. இப்ப ஒழுவல.”

அவள் சிரித்தாள். புண் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு. மாத்திரையும் தண்ணீருமாக நான் பக்கத்தில் நின்றேன். மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? மகிழவில்லை. ‘இவன் யார்?’ என்றுதான் தோன்றியது.

மலையில் அவளிடம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். பிறகு புதுச்சேரியில் ஓட்டல் அடுப்படி, கப்பல் அடுப்படி, அதன்பின் ஸ்பெயின் நாட்டுக் கடலோர ஊர் ஒன்றில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நெடுங்காலம். எல்லாம் போதும் என்று கரியாலூருக்கே திரும்பி, அருவிக்குப் போகும் சாலையில் சுற்றுலாக்காரர்களுக்காக ஒரு கடை போட்டிருந்தான். டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு வந்திருக்கிறான். பேச்சில் பாதி அளப்பு. ஸ்பெயின் நாட்டுக் காளையை ஒருமுறை கொம்பைப் பிடித்து நிறுத்தியதாகச் சொன்னான். மரகதம், “ஒங்க வூட்டு ஆட்டப் புடிக்கவே அழுவியேடா” என்றாள்.

“இன்னா சாப்புடுறீங்க டீச்சரம்மா?”

“ஒண்ணும் எறங்கலடா. புளி பட்டா எரியுது, காரம் பட்டா எரியுது. சார் பாவம்… தெனம் எதையாவது பண்ணிகினு வராரு.”

பாவம்! அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது.

“அப்ப புளியும் வாணாம், மொளகாயும் வாணாம். ஸ்பெயின்காரன் கறி ஒண்ணு கீது, பிஸ்தோன்னு பேரு. அந்த ஊர்ல பல்லு போன கெழவன் கெழவிங்கல்லாம் அதத்தான் துன்னுகினு கெட்டியா இருக்கறாங்க. சார், அடுப்பு எங்க?”

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டான். என் அடுப்படிக்குள்!

சாக்குப்பையிலிருந்து மலைத்தோட்டத்துக் கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் எடுத்து வைத்தான். அந்த ஊரில் போடும் ஒரு சுரை வகை இங்கே கிடைக்காதாம். அதற்குப் பதில் நகம் இறங்கும் பிஞ்சுச் சுரைக்காய். ஒரு தகர டப்பாவில் ஆலிவ் எண்ணெய். நம் ஊரில் அது மருந்துக் கடையில், குழந்தைக்குத் தேய்க்கச் சின்னச் சீசாவில் கிடைக்கும்.

“பச்சப் புள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெயிலயா சமைக்கப் போற?” என்று கேட்டேன்.

“உள்ள தேச்சாலும் நல்லதுதான் சார்.”

கூடத்திலிருந்து மறுபடியும் அவள் சிரிப்பு. நான் விடவில்லை. தக்காளி, கத்தரி, குடைமிளகாய் மூன்றும் தாவரவியலில் ஒரே குடும்பம், மூன்றின் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று விளக்க ஆரம்பித்தேன். “அப்பிடியா சார்?” என்று சொல்லிவிட்டு அவன் வெங்காயத்தை வாணலியில் போட்டான். அந்தச் சத்தத்தில் என் குடும்பம் காணாமல் போயிற்று.

அவன் சமைத்த விதத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு காயையும் தனித்தனியாக எண்ணெயில் வதக்கி, தனித்தனியாக எடுத்து வைத்தான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் கத்தரிக்காய் கூழாகும், குடைமிளகாய் விறைத்துக்கொண்டு நிற்கும் என்றான். தக்காளியைத் தோலுரித்து, சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை சுண்ட விட்டான். பிறகுதான் எல்லாம் அதற்குள் போயின. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, பெருங்காயம் இல்லை. உப்பு மட்டும்.

அடுத்து அவன் செய்ததை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். உப்புப் பார்க்கக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, உயரத்திலிருந்து இடது உள்ளங்கையில் விட்டு, அதை நக்கிப் பார்த்தான். உடனே குழாயில் கையைக் கழுவினான். கரண்டி அவன் வாய்ப் பக்கமே போகவில்லை.

நான் பார்ப்பதைக் கண்டு சொன்னான்: “அந்த ஊர்ல எல்லாவனும் ஸ்பூன வாயில வெச்சி அதையே சட்டியில வுடுவான் சார். நான் மட்டும் இப்பிடித்தான். மொதலாளி கூடச் சிரிப்பான். இன்னா பண்றது? தம்ளர்ல வாய வெச்சிக் குடிச்சதுக்கு டீச்சரம்மா போட்ட போடு அப்பிடி. அது சாவற வரிக்கும் போவாது.”

ஆம்… மரகதத்துக்கு எச்சில் என்றால் அவ்வளவு கண்டிப்பு. சாதி பார்க்கமாட்டாள், மலையில் எந்த வீட்டுக் களியையும் சாப்பிட்டிருக்கிறாள். ஆனால் எச்சில் கூடாது. சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். உப்பின் அளவைக் கொதிக்கும் வாசனையிலேயே கண்டுகொள்வாள். திருமணமான புதிதில் என் தம்ளரில் மிச்சமிருந்த காப்பியை ஆசையாக நீட்டினேன். “ஐயோ, எச்சிங்க!” என்று விலகிக்கொண்டாள். கணவன் எச்சிலையே ஏற்காதவள்! இதைத் தெரிந்துகொண்டவர்கள் இந்த உலகத்தில் மிகச் சிலர். நான் அவர்களில் ஒருவன்.

அன்று அவள் சாப்பிட்டாள். குழைந்த சோற்றில் அந்தக் கறியைப் போட்டுக் கொடுத்தான். முதல் வாயை அஞ்சி அஞ்சி வைத்தாள். எரியவில்லை. இரண்டாவது வாய்… மூன்றாவது… “இன்னும் கொஞ்சம் வைடா” என்றாள். தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த தக்காளியை விரலால் வழித்தாள்.

“ஏங்க, இனிக்குது தெரியுமா? தக்காளி இனிக்குது! நீங்களும் ஒரு வாய் பாருங்களேன்.”

“எனக்குப் பசிக்கல.”

பொய். நல்ல பசி. ஆனால் அந்தத் தட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நான் பிசைந்து ஊட்டிய எத்தனை கஞ்சி, எத்தனை ரசம்! எல்லாவற்றுக்கும் ‘நல்லா இருக்கு’ என்று எனக்காகச் சொன்ன வாய், இவன் கறிக்கு மட்டும் ‘இனிக்குது’ என்கிறதே!

அதன்பின் ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தான். காலை வண்டியில் இறங்கி, பேருந்து நிலையத்தில் இருந்து ஆட்டோ பிடித்து வருவான். பெரிய பாத்திரத்தில் செய்துவிட்டுப் போனால் குளிர்பெட்டியில் வைத்து அவள் அடுத்தடுத்த நாட்களும் சாப்பிடுவாள். எடை கொஞ்சம் ஏறியது. மருத்துவர் முகம் மலர்ந்து, “என்ன குடுக்கிறீங்களோ அதையே குடுங்க சார்” என்றார். என்னிடம்தான் சொன்னார். நான்தான் தலையாட்டினேன். யார் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமையே அவள் முகம் மாறிவிடும். “நாளைக்கு அந்தப் பச்சப் புடவய எடுத்து வையுங்க” என்பாள். தலைக்கு ஒரு துணியை அழகாகக் கட்டிக்கொண்டு, நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொல்லுவாள். நாற்காலியைத் தூக்கிப் போட்டவன் நான்.

இருவரும் பேசும் பேச்சில் எனக்கு இடம் இருக்காது. ஒரு மழைக்காலத்தில் பள்ளிக் கூரை ஒழுகி, பிள்ளைகளையெல்லாம் ஒரே தார்ப்பாய்க்குள் உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்ல வைத்தாளாம். வெளியே கரடி வந்து நின்றிருக்கிறது. இவர்கள் போட்ட கூச்சலில் அது பயந்து ஓடிவிட்டதாம்.

“ஏழாம் வாய்ப்பாட்டுக்கே ஓடிடுச்சி டீச்சரம்மா. எட்டாம் வாய்ப்பாட்டுக்கு நானே ஓடியிருப்பேன்.”

அவன் போன பிறகு கேட்டேன். “இத்தன வருஷத்துல இந்தக் கரடி கதைய எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். “நீங்க கேட்டதில்லையே.”

அந்த இரண்டு சொற்களைக் கேட்டு நான் திருந்தியிருக்க வேண்டும். மாறாக, சடையனை வெறுத்தேன்.

ஒருமுறை நானே அந்தக் கறியைச் செய்தேன். அவன் செய்ததைப் போலவே ஒவ்வொரு காயாக வதக்கினேன். தக்காளியைச் சுண்ட விட்டேன். ஆனால் தீயைக் கூட்டிவிட்டேன் போலும், அடி பிடித்தது; தண்ணீர் தெளித்தேன். கடைசியில் பார்த்தால் என் கை தானாகக் கடுகையும் கறிவேப்பிலையையும் தாளித்துக் கொட்டியிருக்கிறது! அவள் ஒரு வாய் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லா இருக்குங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “சடையன் எப்ப வரான்?”

அந்த வாரமே அது நடந்தது. மதியம். அவன் சமைத்து வைத்துவிட்டு, கடைக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று கிளம்பிப் போயிருந்தான். அவள் தட்டில் இரண்டாவது முறை கறியை வாங்கிக்கொண்டு, “அவன் கைக்கு இன்னா ருசி பாருங்க!” என்றாள்.

நான் சொன்னேன். குரலைத் தாழ்த்தி, ஏதோ சொல்ல விருப்பமில்லாதவனைப் போலச் சொன்னேன்.

“சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் மரகதம். கரண்டிய வாயில வெச்சி உப்பு பாக்கறான். அதையே திரும்பச் சட்டியில வுட்டுக் கலக்கறான். மொத நாள்லேர்ந்தே அப்படித்தான். ஒனக்கு ஒடம்பு இருக்கிற நெலையில ஏதாவது தொத்திக்கப் போவுதுன்னு…”

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“சடையனா?”

“நானே பாத்தேன்.”

அவள் என் கண்ணைப் பார்த்தாள். நான் அவளிடம் அதுவரை பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. அந்த நம்பிக்கையைத்தான் நான் செலவு செய்தேன்! வாயில் இருந்ததை எப்படியோ விழுங்கினாள். தட்டைத் தள்ளினாள். “அவனுக்கு நான் சொல்லிக் குடுத்தேனே…” என்றாள் மெதுவாக. “வெளிநாடு போனதுல மறந்துட்டான் போல.”

அப்போது கூட ஒரு நொடி இருந்தது. ‘இல்லை மரகதம், அவன் மறக்கவில்லை, கடல் தாண்டிப் போய்க்கூட உன் பேச்சைக் காப்பாற்றியிருக்கிறான்’ என்று சொல்லியிருந்தால்… அந்த ஆசிரியைக்கு அதைவிடப் பெரிய விருந்து உண்டா? அந்த விருந்து என் கையில் இருந்தது. நான் பரிமாறவில்லை. உணவை மட்டுமா பறித்தேன்? அவள் வாழ்நாள் வேலையில் மிஞ்சிய ஒரு பெருமையையும் சேர்த்துப் பறித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேடையேறி, சாதி கூடாது என்று மாணவர்களுக்குப் பேசியவன் நான். ஆனால் ‘எச்சில்’ என்ற சொல்லை நான் எடுத்தபோது, அதற்கு அடியில் வேறொரு சொல்லும் இருந்தது. மலைக்காரன் ஒருவன் என் அடுப்படியில் நின்று என்னை ஒன்றுமில்லாதவனாக்குகிறான் என்ற நினைப்பு. அந்தச் சொல்லை வெளியே எடுத்திருந்தால் மரகதம் என்னைத்தான் தள்ளி வைத்திருப்பாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அவள் எதை நம்புவாளோ அதை எடுத்தேன். இவ்வளவு யோசித்துச் செய்ததை எப்படி வாய் தவறியது என்பேன்?

“அவங்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க,” என்றாள். “மனசு ஒடஞ்சிடுவான்.”

அடுத்த புதன்கிழமை அவன் காயை எடுத்து வைத்தபோது, “வாணாம் சடையா, வயிறு ஒத்துக்கல” என்றாள்.

“இன்னாம்மா சொல்றீங்க? நல்லாத்தான துன்னுகினு இருந்தீங்க?”

“எண்ணெ ஒத்துக்கல போல. எரியுது.”

“எண்ணெய கம்மி பண்ணிடறேன். நம்மூர் செக்கு எண்ணெயில பண்ணட்டுமா? ஒரு வாய்…”

“வாணாம்டா.”

அவன் என்னைப் பார்த்தான். “சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார்.” நான் ஜன்னல் பக்கம் திரும்பி, “நோய் அப்படி” என்றேன்.

அதன்பிறகும் அவன் வந்தான். காயை மட்டும் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். சிரிப்பு குறைந்தது. அவளுக்கு அவனைப் பார்க்கும்போது ஒரு தயக்கம். அவனுக்குத் தான் எதில் தவறினோம் என்ற திகைப்பு. இரண்டுக்கும் நடுவே நான், என் கஞ்சிக் கிண்ணத்தோடு! அவள் மறுபடியும் என் கஞ்சிக்குத் திரும்பினாள். இரண்டு வாய். “போதுங்க, நல்லா இருக்கு.”

வென்றுவிட்டேன்.

எடை இறங்கியது. “முன்னாடி ஏதோ சாப்பிட்டாங்களே, அதைக் குடுங்க” என்றார் மருத்துவர். நான் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை பேச்சை எடுக்கப் பார்த்தேன். ‘நான் தப்பாகப் பார்த்திருப்பேன்’ என்று சொல்லலாம். அவ்வளவுதானே? முடியவில்லை. அவள் கேட்பாள். ஏன் சொன்னீர்கள் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னை அவள் பார்க்கும் பார்வையை நினைத்தேன். அவள் பட்டினியைவிட எனக்கு அது பெரிதாகப் பட்டது… படிக்கிற நீங்கள் இந்த இடத்தில் என்னை வெறுத்தால் அது சரி.

ஒருநாள் அவளாகவே கேட்டாள். “ஏங்க, அந்தத் தக்காளிக் கறிய நீங்களே இன்னொரு வாட்டி பண்றீங்களா? தாளிக்காம?” செய்தேன். தாளிக்கவில்லை. தீயை ஏற்றவில்லை. ஓரளவு வந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குள் அவளுக்கு விழுங்கும் தெம்பு போயிருந்தது. உதட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை!

போய்விட்டாள்.

அந்தக் கறியை நிறுத்தியதால்தான் போனாள் என்று நான் சொல்ல வரவில்லை. நோய் முற்றியிருந்தது என்று மருத்துவர் சொன்னார். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் இருந்த கொஞ்ச நாளில் தக்காளி இனிக்கிறது என்று சொன்ன ஒரு வாய்க்கு நான் கஞ்சியைத் திணித்தேன். அதற்கு எந்த மருத்துவரும் காரணம் சொல்ல முடியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சடையன் வந்தான். படையலில் அவளுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தோம். மகள் அவனிடம், “அண்ணே, அம்மாவுக்குப் புடிச்ச அந்தக் கறிய நீங்க பண்ணித் தாங்களேன்” என்று கேட்டாள். அவன் பதறிப்போய், “என்னால ஆவாதும்மா” என்றான். எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனான். துவைக்கிற கல் பக்கம் நின்றுகொண்டு சொன்னான்.

“சார், ஒண்ணு சொல்லணும். நாந்தான் சார் டீச்சரம்மாவ கெடுத்துட்டேன்.”

எனக்குப் புரியவில்லை.

“எண்ணெ ஒத்துக்கலன்னு சொன்னாங்கல்ல? நான்தான் ருசிக்கு ஆசப்பட்டு ஜாஸ்தி வுட்டேன். நல்லா துன்றாங்களேன்னு இன்னும் இன்னும் வுட்டேன். வயிறு புண்ணாயிடுச்சி. அதுலேர்ந்துதான் சார் அவங்க எறங்கினாங்க. நானும் பாத்துகினுதான இருந்தேன்? பெரிய சமையக்காரன்னு மெதப்புல வந்து, படிப்பு சொல்லிக் குடுத்தவங்களயே…”

பூப்போட்ட சட்டைக்காரன், காளையை நிறுத்தியவன், சிறு பிள்ளையைப் போல அழுதான்.

இங்கேதான்… இங்கேயாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் இல்லை. இனி அவள் பார்வைக்குப் பயம் இல்லை. ஒரே வாக்கியம் போதும், அவன் தோளிலிருந்து அத்தனையும் இறங்கிவிடும். சொல்ல நாக்கு வரை வந்தது. நம்புங்கள், வந்தது. ஆனால் சொன்னால் இவனும் போய்விடுவான். மகள் பெங்களூர் போய்விடுவாள். பிறகு இந்த வீட்டுக்கு யார் வருவார்கள்?

அவன் தோளில் கை வைத்தேன். “பரவால்ல வுடு சடையா,” என்றேன். “வேணும்னா செஞ்ச? நான் மனசுல எதுவும் வெச்சிக்கல.”

மன்னித்தேன்! யார் யாரை மன்னிப்பது? அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இப்போதும் புதன்கிழமைகளில் வருகிறான். எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கித் தருகிறான், மின் கட்டணம் கட்டிவிட்டு வருகிறான். சொந்த மகன் இருந்திருந்தால்கூட இப்படிச் செய்திருப்பானா தெரியாது. அவனிடம் சொல்ல முடியாததைத்தான் உங்களிடம் சொல்கிறேன். இது கோழைத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

போன மாதம் என்னைக் கட்டாயப்படுத்தி மலைக்குக் கூட்டிப் போனான். அவன் கடையில், ஒரு மேசையில் என்னை உட்கார வைத்து இலை போட்டான். பக்கத்து மேசையில் அருவியில் குளித்துவிட்டு வந்த இளைஞர்கள் சிலர். ஈரத் தலையோடு ஒருவன் கேட்டான்: “அண்ணே, இங்க ஏதோ ஸ்பெயின் கறி கெடைக்கும்னு சொன்னாங்களே?”

“அத நிறுத்திட்டேன் தம்பி.”

“ஏண்ணே? அதுக்காகத்தான் இவ்ளோ தூரம் வந்தோம்.”

“எனக்குப் படிப்பு சொன்ன டீச்சரம்மாவுக்கு அதப் போட்டுதான் நான் ஒடம்ப கெடுத்துட்டேன். இனிமே அந்தச் சட்டிய தொடமாட்டேன்.” சொல்லிவிட்டு, கரண்டியாலேயே என்னைக் காட்டினான். “தோ குந்திகினு கீறாரே, அவரு சம்சாரம்தான். வேற ஆளா இருந்தா என்ன வெட்டிப் போட்டிருப்பான். இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? மனசுல எதுவும் வெச்சிக்கலன்னு சொன்னாரு. தெய்வம்பா!”

அந்தப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து கும்பிட்டான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரிய மனிதர்கள் புகழ்ச்சிக்குக் கூசித் தலை குனிவார்களே, அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சடையன் வந்து என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தான். “சாப்புடுங்க சார்” என்றான்.

சாப்பிட்டேன்.